திரையில் நேராகப் போன ரோபோ

ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக் கூட்டத்தில், ரோபோட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்க, கணினித் திரையில் ரோபோவை ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் மட்டும் போதுமா என்று பேச்சு வந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க. ரோபோன்னா பிள்ளைங்க கையில தூக்கிப் பார்க்கணும், சுத்துற சக்கரத்தை விரலால நிறுத்திப் பார்க்கணும். ஸ்கிரீன்ல பொம்மை ஓட்டுறது வீடியோ கேம்” என்றார். அரங்கில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வார இறுதிகளில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நிரலாக்கமும் ரோபோட்டிக்ஸும் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். மீதிப் பாதி அன்றிலிருந்து மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்தலுக்குக் காரணம் அந்தப் பழமொழி அல்ல. சிமுலேட்டர் என்றால் காசில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று அவரும் நினைத்தார், அவரை மறுத்துப் பேசியவர்களும் நினைத்தார்கள். “எல்லாப் பள்ளிக்கும் கிட் வாங்க முடியாது சார், இதாவது இருக்கட்டுமே” என்பதுதான் மறுத்தவர்கள் சொன்ன பதில். அதில் உண்மை இருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் என்ற செய்முறைக்கூடம் கிடைத்த பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி வருகிறது. கிடைக்காத பள்ளிகள்தான் மிக அதிகம். எங்கள் வகுப்பில் ரோபோவுக்கு மூளையாக இருக்கும் ஓர் ஆர்டுவினோ நகல் போர்டு, பேட்டரியில் ஓடும் இரண்டு மஞ்சள் பி.ஓ. மோட்டார், அவற்றை ஓட்டும் ஒரு எல்298என் டிரைவர், ஒலியால் தூரம் அறியும் அல்ட்ராசானிக் சென்சார், சேஸி என்ற அடிச்சட்டம், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் ஒரு ரோபோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தொடுகிறது. பிள்ளைகளோ நாற்பதுக்கு மேல். ஆனால் நாளைக்கே ஒரு நல்ல மனிதர் வந்து ஆளுக்கொரு ரோபோ வாங்கிக் கொடுத்தாலும் நான் சிமுலேட்டரை விடமாட்டேன். அதற்கான காரணம் காசு சம்பந்தப்பட்டதே இல்லை.

எரியாத எல்.இ.டி.

எந்த வகுப்பிலும் முதல் பாடம் ஒரு எல்.இ.டி.யைச் சிமிட்ட வைப்பது. பத்து வரிகூட இல்லாத நிரல். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் மாட்டிவிட்டு என்னைப் பார்க்கிறது, விளக்கு எரியவில்லை. ஏன் எரியவில்லை? எல்.இ.டி.யின் நீளக் காலும் குட்டைக் காலும் மாறியிருக்கலாம். அந்த இரண்டு கால்களும் பிரெட்போர்டு என்ற துளைப் பலகையின் ஒரே வரிசையில் செருகப்பட்டிருக்கலாம். சில பிரெட்போர்டுகளில் ஓரத்து மின்கோடு நடுவில் துண்டாக இருக்கும். மேல் பாதியில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கீழ்ப் பாதியில் எடுத்திருக்கலாம். ஜம்பர் வயர் பார்க்க நன்றாக இருந்து, உள்ளே அறுந்திருக்கலாம். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த யு.எஸ்.பி. கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருக்கலாம். நகல் போர்டைக் கணினி அடையாளம் காண வேண்டிய சிஎச்340 டிரைவர் மென்பொருள் அதில் இல்லாமல் இருக்கலாம். போர்டு எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை, அதாவது போர்ட்டை, தவறாகத் தேர்ந்திருக்கலாம். இவ்வளவையும் தாண்டிய பிறகுதான், நிரலில் போர்டின் இணைப்புப் ‘பின்’ எண் 13 என்று எழுதவேண்டிய இடத்தில் 12 என்று எழுதியிருக்கலாம், அந்தப் பின்னை அவுட்புட் என்று அறிவிக்க மறந்திருக்கலாம், ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கலாம்.

எனக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போய்ப் பிழையைப் பிடித்துவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பக்கத்து மேசையில் எரிகிறது, எனக்கு எரியவில்லை. அந்த இடத்தில் பிள்ளைகள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் “எனக்கு இது வராது” என்பதுதான். பிழை ஓர் எட்டு ரூபாய் வயரில் இருந்தது என்று பிறகு காட்டினாலும் முதல் நாள் விழுந்த அந்த எண்ணம் எளிதில் போவதில்லை. யோசனையில் உள்ள பிழை ஒன்று, பொருளில் உள்ள பிழை இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் முன்னால் கொட்டினால் புதிதாக வந்தவரால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

டிங்கர்கேட் என்ற இணைய சிமுலேட்டரில் இதே பாடத்தை நடத்தும்போது வயர் அறுவதில்லை, கேபிள் ஏமாற்றுவதில்லை. எரியவில்லை என்றால் சுற்றில் தவறு, அல்லது நிரலில் தவறு. இரண்டும் அந்தப் பிள்ளை செய்தவை, அதனாலேயே திருத்திவிடக்கூடியவை. மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை நேரடியாக மாட்டினால் திரையில் அதன்மேல் வெடித்த குறி ஒன்று வரும். நிஜ எல்.இ.டி. கருகினால் பிள்ளை பயந்து கையை எடுத்துக்கொள்ளும், சார் திட்டுவாரோ என்று பார்க்கும். திரையில் வெடித்தால் சிரித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தடவை வெடிக்க வைக்கும். அந்த இரண்டாவது வெடிப்பில்தான் மின்னோட்டம் என்றால் என்ன என்று அதற்குப் புரிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு கிட்டைச் சுற்றி ஐந்து பேரை உட்கார வையுங்கள். ஸ்குரூ டிரைவர் ஏற்கெனவே கையில் பிடித்துப் பழகிய ஒருவன், அநேகமாக அப்பாவுக்கு எலெக்ட்ரிக்கல் கடையோ மோட்டார் ரீவைண்டிங் பட்டறையோ உள்ளவன், அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். மற்ற நால்வர் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் நோட்டில் எழுதுகிற வேலைக்குத் தள்ளப்படுவார்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை, தானாகவே இப்படி நடக்கிறது. கணினியில் இரண்டு பேருக்கு ஒரு திரை என்றாலும் ஆளுக்கு ஒரு ரோபோ உண்டு. யார் கையிலும் பிடுங்க முடியாத ரோபோ.

உடம்பை விட்டுத் திரைக்கு வந்த ஆமை

நிஜ ரோபோ முதலில், திரை ரோபோ அதன் நகல் என்ற வரிசை நமக்கு இயல்பாகப் படுகிறது. கற்பித்தலில் இது எப்போதோ கலைந்துவிட்டது. 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிபிஎன் என்ற ஆய்வு நிறுவனத்தில் வாலி ஃபுயர்ஸெக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதற்கு ஓர் ஆமை வந்தது. குவிமாட மூடி வைத்த, சக்கரத்தில் ஓடுகிற, பேனா மாட்டிய நிஜ ரோபோ. தரையில் விரித்த தாளில் ஊர்ந்து கோடு போடும். பிறகு அந்த ஆமை திரைக்குள் போனது. 1980-களில் பள்ளிகளுக்கு வீட்டுக் கணினிகள் வந்தபோது உலகெங்கும் பிள்ளைகள் பார்த்தது திரை ஆமையைத்தான். இன்று பைத்தான் என்ற நிரல் மொழியில் இருக்கும் டர்ட்டில் அதன் வாரிசு.

பேப்பர்ட் இதை ஓர் இழப்பாகப் பார்க்கவில்லை. பிள்ளை தன்னையே ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்கவேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். சதுரம் போடத் தெரியவில்லையா, எழுந்து நீயே சதுரமாக நடந்து பார், நடந்ததைச் சொல், அதுதான் நிரல். நான் வகுப்பில் இதை அப்படியே செய்வேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒருத்தி நடப்பாள், மற்றவர்கள் கட்டளை சொல்வார்கள். “திரும்பு” என்று மட்டும் யாராவது சொன்னால் அவள் அசையாமல் நிற்பாள். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லும்வரை நகரமாட்டாள். இதற்கு ரோபோவும் வேண்டாம், திரையும் வேண்டாம்.

அப்புறம் கேரல். 1981-ல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் பேட்டிஸ் உருவாக்கிய இந்த ரோபோவுக்கு ஒருநாளும் உடம்பு இருந்ததில்லை. கட்டம் போட்ட ஓர் உலகம், அதில் முன்னால் நகர்வது, இடப்பக்கம் திரும்புவது, பீப்பர் என்ற ஒரு பொருளை எடுப்பது, வைப்பது, நிறுத்துவது. அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்ப அதற்குக் கட்டளையே கிடையாது. பிள்ளைகள் முதலில் இதை ஒரு குறை என்று புகார் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன், மூன்று தடவை இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் வந்துவிடும் என்று கண்டுபிடிப்பான். அடுத்து, ஒவ்வொரு முறையும் மூன்று வரி எழுதுவது எரிச்சலாகி, அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பான். ஃபங்ஷன் என்ற பாடத்தை நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அவர்கள் அதன் வாசலில் வந்து நிற்பார்கள். நிஜ ரோபோவில் இது நடக்காது; வலப்பக்கம் திரும்ப இன்னொரு மோட்டாரை ஓட்டினால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வந்த வெக்ஸ்கோட் வி.ஆர்., ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார் உருவாக்கிய ஓபன் ராபர்ட்டா லேப், இந்தச் சிமுலேட்டர்களெல்லாம் பிரவுசரிலேயே ஓடும். பழைய கணினி போதும். இன்னொரு வசதியும் உண்டு. பேப்பர்ட்டின் புத்தகத் தலைப்பை வைத்து 1998-ல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசையை அந்த நிறுவனம் 2022-உடன் நிறுத்திக்கொண்டது. பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய பெட்டிகளுக்கு இனி உதிரி பாகம் தேடி அலையவேண்டும். ஓபன் ராபர்ட்டாவில் அந்த வரிசையின் பழைய ஈ.வி.3 ரோபோ இன்னும் திரையில் ஓடுகிறது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

இவ்வளவு பேசிவிட்டு, எல்லாம் சுபம் என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். அந்த இயற்பியல் ஆசிரியரின் பேச்சு என்னை ஏன் விடாமல் உறுத்தியது என்பதற்கு, எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

பிள்ளைகள் திரையில் சதுரம் போடுவதில் கைதேர்ந்திருந்தார்கள். முன்னால் போ, 90 டிகிரி திரும்பு, இதை நான்கு தடவை செய். ரோபோ கிளம்பின இடத்துக்கே வந்து, மில்லிமீட்டர் பிசகாமல் நிற்கும். திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப் தெரியும், நிபந்தனை பார்க்கும் கண்டிஷன் தெரியும், சுவர் வந்தால் திரும்பத் தெரியும். சரி, இனி தரைக்கு வரலாம் என்று நிஜ ரோபோக்களை எடுத்தோம். சதுரம்கூட வேண்டாம், முதலில் இரண்டு மீட்டர் நேராகப் போகட்டும் என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தோம். இரண்டு மோட்டாருக்கும் ஒரே வேகம். பட்டனைத் தட்டியதும் ரோபோ ஜம்மென்று கிளம்பி, மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, கோட்டின் முனைக்கு வரும்போது ஏறக்குறைய ஓர் அடி தள்ளிப் போயிருந்தது.

“சார், கோடிங் சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் சார் கோணலாப் போகுது?”

அடுத்து நடந்ததைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் கணினிக்கு ஓடினார்கள். நிரலில் ஒவ்வொரு வரியாகத் துழாவினார்கள். டிலே என்ற காத்திருக்கும் நேரத்தை மாற்றினார்கள், வரிகளை இடம் மாற்றினார்கள், அழித்து மறுபடி அதையே எழுதினார்கள். தரையில் கிடந்த ரோபோவைக் குனிந்து பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. பிழை எப்போதும் நிரலில்தான் இருக்கும் என்று அவ்வளவு ஆழமாகப் படிந்திருந்தது. திரை அவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. நிரலில் ஒன்றும் அகப்படாமல் போனதும் ஒருவன் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினான். “இந்த ரோபோ கெட்டுப்போச்சு சார், வேற குடுங்க.” வேறொன்று கொடுத்தேன். அது வலப்பக்கம் இழுத்தது. “எல்லாமே கெட்டதுதான் வாங்கியிருக்கீங்க சார்” என்றான். கோபமாகத்தான் சொன்னான்.

பேசாமல் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கணினியில் எதையோ செய்துகொண்டிருந்தாள். பைத்தான் டர்ட்டிலை வைத்து நான் எழுதிக் கொடுத்திருந்த சின்ன சிமுலேட்டர் அது. இரண்டு சக்கரம், நடுவே 14 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டின் வேகத்தையும் வைத்து ரோபோ எங்கே போகும் என்று கணக்குப் போட்டு வரையும். பிள்ளைகள் எழுதவேண்டிய பகுதி மேலே இருக்கும். கீழே இருப்பது ரோபோவின் உடம்பு, அதைத் தொடவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் அதைத்தான் திறந்து வைத்திருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“அந்த ரோபோவை இதுக்குள்ள கொண்டு வர்றேன் சார்.”

இடது சக்கரத்தின் வேகத்தை நூற்றுக்கு 90 என்று குறைத்திருந்தாள். திரை ரோபோ கிட்டத்தட்டக் கால் வட்டம் அடித்துத் திரும்பிவிட்டது. தரையில் அவ்வளவு மோசமில்லை. 95 போட்டாள், அப்போதும் தரையில் உள்ளதைவிட அதிகமாகவே வளைந்தது. எழுந்து போய்த் தரையில் கோட்டின் முனைக்கும் ரோபோ நின்ற இடத்துக்கும் இடையே ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வந்தாள். 98 போட்டதும் திரையில் ரோபோ இரண்டு மீட்டர் முடிவில் 29 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. தரையில் இருந்ததும் அதே அளவுதான். நூற்றுக்கு இரண்டு குறைவது இரண்டு மீட்டரில் ஓர் அடியாகிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் அந்த வகுப்பு கண்ணால் பார்த்தது. பிறகு மேலே வந்து, தன் நிரலில் வலது சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். திரையில் கோடு நிமிர்ந்தது. அதே விகிதத்தில் ஆர்டுவினோ நிரலில் வலது மோட்டாருக்கு வேக எண் 200 என்று இருந்ததை 196 ஆக்கித் தரையில் விட்டோம். நான்கு விரல் அளவுக்கு விலகியது. அவ்வளவுதான்.

முழுதும் சரியாகவில்லை, சரியாகவும் ஆகாது. மோட்டாருக்குக் கொடுக்கும் எண்ணும் அது சுற்றும் வேகமும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது அதிலுள்ள 18650 ரக செல் ஒன்று 4.2 வோல்ட் தரும், ஓட ஓட 3.7-க்கும் கீழே இறங்கும்; காலையில் 90 டிகிரி திரும்பின ரோபோ மதியம் 80 டிகிரிதான் திரும்பும். போதாததற்கு எல்298என் டிரைவர் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். இதையெல்லாம் அப்புறம் பேசினோம். எனக்கு அன்று நெஞ்சு நிறைந்து போனதற்குக் காரணம் வேறு. ரோபோ திரையைப் பின்பற்றவில்லை என்று மற்றவர்கள் கோபப்பட்டபோது, திரையை ரோபோவைப் பின்பற்ற வைக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. திரையில் உள்ளது ஒருவர் எழுதிய கணக்கு, அதில் இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அவளுக்குச் சிமுலேட்டர் எந்தக் கெடுதலும் செய்யாது.

எவ்வளவு அழுக்கு வேண்டும்

அவள் செய்ததை ஆராய்ச்சியாளர்கள் பெரிய அளவில் செய்கிறார்கள். 1995-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் ஜேகபி, ஃபில் ஹஸ்பண்ட்ஸ், இன்மன் ஹார்வி மூவரும் கெப்பெரா என்ற உள்ளங்கையில் அடங்கும் ரோபோவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ரோபோவை ஓட்டும் கட்டுப்பாட்டைச் சிமுலேட்டருக்குள் உருவாக்கி, நிஜ ரோபோவில் போட்டுப் பார்த்தார்கள். சிமுலேட்டரில் சென்சாருக்கும் மோட்டாருக்கும் இரைச்சல், அதாவது ஒழுங்கில்லாமல் கூடிக் குறையும் சின்னச் சின்னப் பிசகு, எதுவும் இல்லாவிட்டால் நிஜத்தில் அது தடுமாறுகிறது. இதை எவரும் ஊகிக்கலாம். ஆனால் இரைச்சலை அளவுக்கு மீறிச் சேர்த்தாலும் அது கெடுகிறது. நிஜத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவைச் சிமுலேட்டரிலும் வைத்தபோதுதான் நன்றாக ஓடியது. 2019-ல் ஓபன் ஏ.ஐ. ஒரு ரோபோ கைக்கு ரூபிக் கனசதுரத்தைத் திருப்பப் பழக்கியதும் முழுக்கச் சிமுலேட்டருக்குள்தான். கனசதுரத்தின் அளவு, உராய்வு என்று பலவற்றை விடாமல் மாற்றி மாற்றிப் பழக்கினார்கள்.

இதைப் படித்த பிறகு சிமுலேட்டர்களை நான் பார்க்கும் கண் மாறிவிட்டது. வோக்வி என்ற இணைய சிமுலேட்டரில் ஒரு புஷ் பட்டனைப் போட்டு அழுத்தினால், நிஜ பட்டன் செய்வதைப் போலவே அதன் தொடர்பு ஒரே அழுத்தில் பல தடவை பட்டும் விட்டும் துள்ளும். அழுத்தங்களை எண்ணப் பிள்ளை எழுதிய நிரல் ஒன்றுக்குப் பதில் நான்கைந்து என்று காட்டும். அந்தத் துள்ளல் அதில் தானாகவே இருக்கிறது. வேண்டாம் என்றால் நாம்தான் அணைக்கவேண்டும். எழுதியவர்கள் கற்பித்தலை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒன்று போதும். வெபாட்ஸ் என்ற சிமுலேட்டரில் ஒவ்வொரு சென்சாருக்கும் எவ்வளவு இரைச்சல் என்று நாமே கொடுக்கலாம். 2018-ல் அது திறந்த மூல மென்பொருளாகிவிட்டது, பணம் கட்டவேண்டியதில்லை, கொஞ்சம் நல்ல கணினிதான் வேண்டும். இதற்கு எதிர்முனையில், குழந்தைகளுக்கான பல சிமுலேட்டர்கள் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கின்றன. முதல் சில வாரங்களுக்கு அந்தப் பளபளப்பு தேவை. அதற்கு மேலும் அங்கேயே உட்கார வைத்தால், நிஜ உலகம் கெட்டுப்போன சரக்கு என்று நினைக்கும் பிள்ளைகளைத்தான் உருவாக்குவோம்.

இப்போது வகுப்பின் வரிசையை மாற்றிவிட்டோம். முதல் நாளே ஒரு நிஜ ரோபோவை, ஏற்கெனவே நிரல் போட்டுத் தரையில் விட்டுவிடுகிறோம். அது கோணலாகப் போய்ச் சுவரில் முட்டுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். சக்கரத்தை விரலால் அழுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். மோட்டார் முனகுவதைக் கேட்கிறார்கள், டிரைவரின் அலுமினியத் தகடு சூடாவதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இதில் அந்த இயற்பியல் ஆசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விரலில் ஏறும் அந்த எதிர்ப்பை எந்தத் திரையும் தராது. பிறகு பல வாரம் திரை. லூப், கண்டிஷன், ஃபங்ஷன் எல்லாம் அங்கேதான். நடுவில் ஒருநாள், ஒவ்வொரு கணினியிலும் சிமுலேட்டரின் இடது சக்கரத்துக்கு நான் வேறு வேறு எண் போட்டு வைத்துவிடுவேன். யாருடைய ரோபோ எவ்வளவு நொண்டுகிறது என்று அவர்கள் கண்டுபிடிக்கவேண்டும், கீழே உள்ள பகுதியைத் திறந்து பார்க்காமல். அதன்பிறகு தரை. மஞ்சள் சேஸியோடு வரும் 20 துளை போட்ட கறுப்பு வட்டத் தகட்டை முன்பெல்லாம் எதற்கு என்று தெரியாமல் பெட்டியிலேயே போட்டுவைப்பார்கள். இப்போது அவர்களே அதை எடுத்து வந்து, சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்று எண்ண முடியுமா சார் என்று கேட்கிறார்கள். வேகம் கொடுத்தால் மட்டும் போதாது, என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்பது நேராகப் போகாத ரோபோவால் மட்டுமே வந்த கேள்வி.

எவ்வளவு எழுதிச் சேர்த்தாலும் சிமுலேட்டருக்குள் வராதவை இருக்கின்றன, அல்லது வரும் என்று முதலில் தோன்றாதவை. டிங்கர்கேடில் அல்ட்ராசானிக் சென்சாரைத் தொட்டால் எதிரே ஒரு பந்து வரும். அதை இழுத்தால் தூரம் அழகாக மாறும். எங்கள் வகுப்பறையில் சென்சாருக்கு எதிரே பாதி திறந்த இரும்பு பீரோ கதவும், அந்தப் பக்கம் ஒரு துணித் திரைச்சீலையும் இருந்தன. சாய்ந்த கதவில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துப் போயிற்று, துணியில் பட்டது அங்கேயே அமுங்கிற்று. எதிரொலி திரும்பாதபோது சென்சார் தரும் எண்ணுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ரோபோ நேராகப் போய்த் திரைச்சீலைக்குள் நுழைந்துகொண்டது. சென்சார் தூரத்தை அளக்கவில்லை, ஒலி போய்வரும் நேரத்தை மைக்ரோவினாடியில் அளக்கிறது, தூரம் நாம் போட்ட கணக்கு என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன். சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். திரைச்சீலைக்குள் மாட்டிக்கொண்டபோதுதான் புரிந்துகொண்டார்கள்.

வெயில் இன்னும் மோசம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சார்ட் தாளில் ஒட்டி, அகச்சிவப்பு சென்சாரை வைத்துக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ செய்வோம். கிழக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் வரும்போது அது கோட்டை விட்டுவிட்டு எங்கோ போகும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. சென்சாருக்குக் கறுப்பும் வெளுப்பாகத் தெரிகிறது. மாட்யூலில் இருக்கும் நீலத் திருகைத் திருப்பி அளவை மாற்றினால் ஜன்னல் பக்கம் சரியாகும், நிழல் பக்கம் கெடும். ஒருவன் சார்ட் தாளைச் சுருட்டிச் சென்சாருக்குப் பாவாடை கட்டிவிட்டான். நன்றாகவே வேலை செய்தது.

அதே பையன் போன வாரம் வந்து, சிமுலேட்டர் கோப்பைத் தனக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொன்னான். திரையில் ஒரு மூலையைச் சதுரமாகக் குறித்து, அதற்குள் ரோபோ நுழைந்தால் சென்சார் எப்போதும் வெள்ளை என்றே சொல்லவேண்டும், அதற்கு எங்கே எழுதவேண்டும் என்று கேட்டான். காட்டிக் கொடுத்தேன். அந்தச் சதுரம் காலை ஒன்பது மணிக்கு ஓர் இடத்திலும் பதினொரு மணிக்கு வேறோர் இடத்திலும் இருக்கவேண்டுமாம். வகுப்பறைத் தரையில் வெயில் விழும் இடத்தை மணிக்கு ஒரு தடவை சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறான். அதைச் சேர்க்கும் பகுதியை இந்தச் சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து எழுதப்போகிறோம்.